பிரட்டுக் களமும் பிரதேச சபையும்

(லிந்துலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“சமூகக் கல்வியில் மனித உரிமையும் மக்களின் சுய ஆட்சியும்” என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. ஜெனீவாவில் தொடங்கி லிந்துலைக்கு வந்து சேர்வதென்றால் உங்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். அதனால் லிந்துலையிலேயே தொடங்குகிறேன். நேரம் இருந்தால் ஜெனீவாவுக்குப் போவோம்.

குடியுரிமைக் கல்வியில் உள்ளூராட்சி பற்றிய பாடம் ஒன்று உண்டு. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று மூன்று. வீதி, வடிகால், குடிநீர், தெருவிளக்கு, நூலகம், மயானம் எல்லாம் அவற்றின் கடமை. நம்முடைய பிள்ளைகள் இதை நன்றாகப் படிக்கிறார்கள், பரீட்சையில் எழுதுகிறார்கள், புள்ளியும் வாங்குகிறார்கள். நான் வகுப்பில் நின்ற காலத்தில் பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “உங்கள் லயத்துக் கூரைத் தகரம் காற்றில் பறந்துபோனால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?” சங்கத் தலைவரிடம் என்பான் ஒருவன். கணக்கப்பிள்ளையிடம் என்பாள் ஒருத்தி. ஆபிசுக்குப் போய்த் துரையிடம் சொல்ல வேண்டும் என்பார்கள் பின் வரிசையில். பிரதேச சபை உறுப்பினரிடம் என்று ஒருவரும் சொன்னதில்லை. சற்று முன்னர்தான் அந்தப் பாடத்தை என்னிடம் ஒப்புவித்த பிள்ளைகள் அவர்கள்! அவர்கள் சொன்னதே சரி. பரீட்சைக்கு ஒரு விடை, வீட்டுக்கு ஒரு விடை என்று இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளாமல் வைத்திருந்தார்கள்.

இரண்டு விடைகளுக்கும் நடுவில், காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரியும் பிரட்டுக் களத்துக்கும் பிரதேச சபைக்கும் நடுவில், கிடக்கும் இடைவெளிதான் இன்றைய என் பேச்சு.

நமது மேடைகளில் 1948ஐத் தொடாத பேச்சே இல்லை. 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்று இலக்கத்தோடு சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் நம்மை வெளியே நிறுத்திய வேலை அந்த ஆண்டில் தொடங்கவில்லை. அதற்கு 11 வருடம் முந்தி, 1937இலேயே, கிராமச் சங்கங்களுக்கான சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டத்தில் குடியிருந்த இந்தியத் தொழிலாளிக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்திருந்தது. நிபந்தனைகளோடு என்றாலும் நம்மவர்களில் பலர் அரசாங்க சபைக்கு வாக்களித்தார்கள். கொழும்பில் சட்டம் இயற்றுகிறவரைத் தெரிவு செய்யலாம். பக்கத்து ஓடைக்குப் பாலம் போடுகிறவரைத் தெரிவு செய்யக் கூடாது! இதுதான் 1937.

இதற்கு அன்று சொன்ன நியாயத்தைக் கவனியுங்கள். தோட்டத்துக்கு வேண்டியதைத் தோட்டமே பார்த்துக்கொள்கிறது, வீடு கொடுக்கிறது, தண்ணீர் கொடுக்கிறது, றோட்டுப் போடுகிறது, கிராமச் சங்கத்தால் தொழிலாளிக்கு என்ன பயன் என்றார்கள். தோட்டத்து வாக்குகள் வந்து சேர்ந்தால் கிராமத்தான் சிறுபான்மையாகிவிடுவான் என்ற பயம் கண்டிக் கிராமத் தலைவர்களுக்கு இருந்தது. தன் எல்லைக்குள் வேறொரு அதிகாரம் வந்துவிடக் கூடாது என்பது துரைமாரின் கவலை. எதிரும் புதிருமான இரண்டு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தோட்டம் என்பது நாட்டுக்குள் இருக்கிற தனி நிருவாகம் என்ற எண்ணம் சட்டத்தில் எழுத்தாக ஏறியது அப்போதுதான். பின்னால் வந்த ஒவ்வொரு சட்டமும் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தது.

1947 பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர் சி.வி. வேலுப்பிள்ளை. எழுத்தாளர், தொழிற்சங்கவாதி, புண்டலுஓயாப் பக்கத்து மடகும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். அவரைத் தெரிவு செய்த மக்களின் பெரும்பகுதிக்கு அடுத்த தேர்தலில் வாக்கே இல்லை. 1948, 1949 சட்டங்கள் வந்து, 1952 தேர்தலில் மலையகம் வெறும் பார்வையாளராக நின்றது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, பெரும்பகுதியினரை இரண்டு நாடுகளுக்குப் பிரித்தது. 1988இல் ஒரு சட்டம், 2003இல் ஒரு சட்டம் என்று பிரஜாவுரிமை தவணை முறையில் திரும்பி வந்தது. இவை நீங்கள் அறிந்தவை.

அறிந்தும் நாம் பேசாமல் விடுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. பாராளுமன்ற வாக்கு திரும்பக் கிடைத்தது. உள்ளூராட்சி வாக்கும் அதன் கூடவே வந்தது. ஆனால் உள்ளூராட்சி வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை தன் பணத்தில் வசதி செய்து கொடுக்கக்கூடிய குடியிருப்புகளைச் சொன்னது. தோட்டம் அதற்குள் இல்லை. தோட்டத்து மக்கள் வரிசையில் நின்று வாக்களித்து ஓர் உறுப்பினரைச் சபைக்கு அனுப்புவார்கள். அவர் தன்னை அனுப்பிய லயத்துக்கு ஒரு கொங்கிறீட் பாதை போட முயன்றால், அது கம்பனியின் குத்தகைக் காணி, சபைப் பணத்தை அங்கே செலவழிக்க முடியாது, கணக்காய்வில் கேள்வி வரும் என்று செயலாளர் கோப்பை மூடுவார். ஏக்கர் வரி மட்டும் தோட்டத்திலிருந்து சபைக்குப் போகும். அந்த உறுப்பினர்களை நாம் கையாலாகாதவர்கள் என்று ஏசினோம். ஏசத் தகுந்தவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சட்டமே கையைக் கட்டியிருந்ததை எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. 1937இலிருந்து கணக்குப் போடுங்கள்: 81 வருடம். பிரஜாவுரிமை இழப்பைவிட முந்தித் தொடங்கி, அது தீர்ந்த பிறகும் நீடித்த இழப்பு இது. நம்முடைய வரலாற்றுப் பேச்சில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம், வகுப்புக்கு உதவும். நுவரெலியா மாவட்டத்தில் 491 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். பழைய ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளாக எடுத்தால், ஹங்குராங்கெத்தவில் 131, வலப்பனையில் 125, கொத்மலையில் 96, நுவரெலியாவில் 72, அம்பகமுவவில் 67. இனி ஆள் கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டிலும் தனித்தனியே 2 லட்சத்துக்கு மேல் மக்கள். ஹங்குராங்கெத்தவில் ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஆட்கள் குறைந்த இடத்தில் உத்தியோகத்தர் கூட, கூடிய இடத்தில் குறைவு. தோட்டங்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நிவாரணம் எதுவானாலும் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து வேண்டும். ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, இழந்து, பஸ் ஏறிப் போய், ஆள் இல்லை என்று திரும்பி வருகிற பெண்ணுக்கு உரிமை என்பது அந்தக் கையெழுத்துத்தான். 72க்கும் 131க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணிதப் பாட வகுப்பிலேயே செய்து காட்டலாம். சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

தோட்ட எல்லையை அரசு தாண்ட முடியாது என்று இவ்வளவு காலம் சொன்னார்களே, அது உண்மையா? தலவாக்கலைக்குப் போய் மேல் கொத்மலை அணையைப் பாருங்கள். 150 மெகாவாட் மின்சாரத்துக்காக அரசு வந்தது, அளந்தது, காணி எடுத்தது, நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் புதிய வீடுகளுக்கு மாற்றியது, 2012இல் அணையைத் திறந்தது. அதற்கும் முன்னால், 1977 மே மாதம், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் எழுந்தபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். காணி எடுக்கவும் துப்பாக்கி எடுக்கவும் எல்லை குறுக்கே நிற்கவில்லை. குடிநீர்க் குழாய் என்று வரும்போது மட்டும் நின்றது.

நல்லது நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. 2 லட்சம் பேருக்கு ஒரு சபை என்றிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன. அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா புதிதாக வந்தன. 2018 பெப்ரவரி 10ஆம் தேதித் தேர்தலிலேயே அவற்றுக்கு உறுப்பினர் தெரிவானார்கள். அதே தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் சுமார் 2 சதவீதம்தான். பிரதேச செயலகங்களும் ஐந்திலிருந்து பத்தாக்கப்பட்டன. தலவாக்கலை அவற்றில் ஒன்று. இதையெல்லாம் யாரும் தங்கத் தட்டில் வைத்துத் தரவில்லை. மகஜர் எழுதியும் ஆணைக்குழுக்களின் முன் போய்ச் சாட்சியம் சொல்லியும் பத்து, இருபது வருடம் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் 2023 மார்ச்சில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் வைக்கவில்லை. 2025 மே 6 வரை, இரண்டு வருடத்துக்கு மேல், உறுப்பினரே இல்லாமல் அதிகாரிகள் நடத்தினார்கள். நான் கேட்கிறேன், லிந்துலையில் எத்தனை பேர் அந்த இரண்டு வருடத்தை உணர்ந்தோம்? தண்ணீர், பாதை, கக்கூஸ் எல்லாம் தோட்டத்து ஆபிசின் காரியமாக இருக்கும்போது சபை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டோம். இழப்பு நமக்கு உறைக்காமல் போனது எனக்கு அந்த இழப்பைவிடப் பெரிய கவலை.

இனிச் சுய ஆட்சிக்கு வருகிறேன். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2007 செப்டெம்பர் 13ஆம் தேதி ஆதிவாசி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 144 நாடுகள், எதிராக நான்கு: அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. ஆதிவாசிகளின் நிலத்தில் எழுந்த நான்கு நாடுகளும்தான் எதிர்த்தன. பிறகு நான்குமே மனம் மாறின. தங்கள் உள் விவகாரங்களில் தங்களை ஆண்டுகொள்ளும் உரிமை அந்த மக்களுக்கு உண்டு என்கிறது அதன் 4ஆம் உறுப்புரை. தங்கள் மொழியில், தங்கள் முறையில் கல்வி நடத்தும் உரிமை 14ஆம் உறுப்புரை.

நாம் ஆதிவாசிகளா? இல்லை. நாம் இங்கே வந்ததற்கு 1823ஐத் தொடக்கமாக வைத்து 200 வருடத்தை 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். இந்த நாட்டின் ஆதிவாசிகள் தம்பானையிலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தங்கள் வேட்டைக் காட்டை இழந்தவர்கள் அவர்கள். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியது என்றது. நாம் வந்து கோப்பியும் தேயிலையும் நட்ட மலைகளில் பல அப்படி எடுக்கப்பட்டவை. கண்டிச் சிங்களக் கிராமத்தானுக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. அதற்குக் காரணம் நாமல்ல என்றாலும் அது பொய்யல்ல. நம் பிள்ளைகளுக்கு நம் உரிமையைச் சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்கத்துக் கிராமத்தின் இழப்பை மறைத்துவிட்டுச் சொல்கிற உரிமைக் கதை அடுத்த தேர்தல் வரைதான் தாங்கும்.

ஆதிவாசிகள் இல்லாவிட்டாலும் அந்தப் பிரகடனத்திலிருந்தும் அதன் பின்னால் நின்ற போராட்டங்களிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பொக்சைட் தோண்ட ஒரு பெரிய கம்பனி வந்தது. அங்கே வாழ்பவர்கள் டோங்ரியா கோந்த் மக்கள். 2013 ஏப்ரல் 18ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், அந்த ஊர்ச் சபைகளே கூடித் தங்கள் வழிபாட்டுரிமை பாதிக்கப்படுமா என்று முடிவு சொல்லட்டும் என்றது. பன்னிரண்டு ஊர்ச் சபைகள் கூடின. பள்ளிக்கூடம் போகாத கிழவிகள் எழுந்து நின்று பேசினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. வனவுரிமைச் சட்டம் ஊர்ச் சபைக்குக் கொடுத்திருந்த இடம் அது. அந்த இடம் எழுத்தில் இல்லாதிருந்தால் அந்தக் கிழவிகளின் பேச்சு மலையோடு போயிருக்கும்.

நம் தோட்டத்தில் அப்படி ஓர் அவை இருக்கிறதா? இருக்கிறது என்பேன், சட்டத்துக்குத்தான் தெரியாது. கோயில் கமிட்டி இருக்கிறது. திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, வசூலித்து, கணக்குக் காட்டுகிறார்கள். கணக்குப் பிழைத்தால் இஸ்தோப்பில் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், தேத்தண்ணீர் எல்லாம் யாரும் கேட்காமல் நடக்கிறது. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பீலிக்கரையில் யார் எப்போது தண்ணீர் பிடிப்பது என்று பெண்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு இருக்கிறது. எந்த அரசாங்கமும் அதை எழுதிக் கொடுக்கவில்லை. நம்மவர்களுக்கு நிருவாகம் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒரு தோட்டத்து ஆடித் திருவிழாவுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

இதைச் சொல்லும்போது புகழ்ந்துவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. இந்த அமைப்புகளின் தலைமாட்டில் பெரும்பாலும் ஆண்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் பெண்கள். சந்தா பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கப்படும், தலைவர் நாற்காலியில் ஆண் உட்காருவார். கங்காணி முறை போய்விட்டது, தொழிலாளியைக் கடன் சீட்டால் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது என்கிறோம். ஆனால் மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் நடுவில் ஒருவன் நின்று இரண்டு பக்கமும் பேசிப் பலன் பெறுகிற பழக்கம், வேறு வேறு வேட்டி கட்டிக்கொண்டு இன்றும் நடமாடுகிறது. தொழிற்சங்கம் நமக்குச் செய்தது மிகப் பெரியது. தொழிற்சங்க முன்னோடிகளான கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் ஹட்டனில் இருந்து செய்த வேலையை மறந்தவன் நன்றி கெட்டவன். இருந்தாலும் சம்பளத்தைப் பேச வேண்டிய சங்கம் தண்ணீரையும் பாதையையும் வீட்டையும் பாடசாலைச் சுவரையும் சேர்த்துப் பேசவேண்டி வந்தது, உள்ளூராட்சி அங்கே இல்லாததால். அதனால் சங்கத்துக்கு அளவுக்கு மீறிய பலம் வந்தது. மக்களுக்கு ஒரே வாசல்தான் மிஞ்சியது.

கடலுக்கு அந்தப் பக்கம், கேரளத்து மூணாற்றில், நம்மைப் போலவே தமிழ் பேசும் தேயிலைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் லயம்தான். 2015 செப்டெம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெண்கள் றோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதத்துக்குச் சமமான தொகையை வென்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். இரண்டு மாதத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அவர்களில் ஒருவரான கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு வென்று போனார். அந்த இயக்கம் பிற்பாடு பிளவுபட்டது, அது வேறு கதை. ஆனால் றோட்டில் உட்கார்ந்த கோபத்துக்குப் போய் உட்கார ஒரு நாற்காலி அங்கே இருந்தது. தோட்டமும் பஞ்சாயத்து வட்டாரமாக இருந்ததனால் அது சாத்தியமாயிற்று. நமக்கு அந்த நாற்காலி இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அதிலும் ஒரு கால் ஆடுகிறது. 33ஆம் பிரிவு திருத்தப்பட்டாலும் காணி இன்னும் கம்பனியின் குத்தகையில்தான். லயத்தில் இருப்பவருக்கு உறுதி கிடையாது. சபை ஒரு பாதை போட வேண்டுமென்றால் இன்றைக்கும் நிருவாகத்தின் இணக்கம் தேவைப்படுகிறது. ஏழு பேர்ச் காணியும் அதன் உறுதியும் கைக்கு வந்த குடும்பங்களும் உண்டு. எஞ்சியோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

இனி வகுப்பறை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலிருந்தும் சில மாணவ ஆசிரியர்கள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். இது முக்கியமாக உங்களுக்கு.

1972 சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் மூன்றையும் சேர்த்துச் சமூகக் கல்வி என்று ஒரு பாடமாக்கியது. பிறகு வரலாறு தனியே போனது. குடியுரிமைக் கல்வி 10, 11ஆம் தரங்களில் தெரிவுப் பாடமாக நிற்கிறது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தும் தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அதுவரை நம்மவரில் பலருக்கு ஓர் அறை, ஓர் ஆசிரியர், அரிவரி, அவ்வளவுதான் கல்வி. ஆகவே நம் சமூகத்தில் குடியுரிமையை ஒரு பாடமாகப் படித்தவர்களே இரண்டு தலைமுறைதான் இருப்பார்கள். இந்தப் பாடம் நமக்கு அலங்காரமில்லை, அவசியம். அதைத் தெரிவுப் பாடமாக வைத்திருப்பதே பிழை என்பது என் அபிப்பிராயம்.

கனடாவில் ஆதிவாசிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து வைத்தார்கள். அதை ஆராய்ந்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 நடவடிக்கைகளைக் கேட்டது. அவற்றில் 62ஆவது, இந்த வரலாற்றையும் உடன்படிக்கைகளையும் பாலர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் என்பதைக் கவனியுங்கள். இழந்தவனின் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது புலம்பலாகிவிடும். ஹங்குராங்கெத்தவில் படிக்கும் சிங்களப் பிள்ளையும் 1937ஐப் படிக்க வேண்டும். லிந்துலைப் பிள்ளை 1840ஐப் படிக்க வேண்டும்.

பாடத்திட்டம் மாறுவது நம் கையில் இல்லை. ஆசிரியர் கையில் வேறு சில இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரஜை எவரும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நாடற்றவர் என்று எழுதப்பட்ட பாட்டியின் பேரப்பிள்ளைகள், பிரஜை என்ற சொல்லுக்கு நேரே கையெழுத்துப் போட்டு ஒரு சபையிடம் கேள்வி கேட்பதைவிடச் சிறந்த குடியுரிமைப் பாடம் எனக்குத் தெரியாது. தோட்டங்களிலிருந்து போன வருடம் எவ்வளவு ஏக்கர் வரி வந்தது? 2018க்குப் பிறகு தோட்டக் குடியிருப்புகளில் சபை செய்த வேலைகள் எவை, செலவு எவ்வளவு? இரண்டே கேள்வி. பெற்றோரின் பெயரில் போகட்டும், எழுதுவது பிள்ளைகளாக இருக்கட்டும். கம்பனியிடமும் இப்படிக் கேட்கலாமா என்று நிச்சயம் ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். அரசோடு செய்த ஒப்பந்தத்தின் கீழ் பொதுப் பணி ஒன்றைச் செய்யும் தனியார் அமைப்பும், அந்தப் பணியளவில், சட்டத்துக்குள் வரலாம். தோட்டக் குடிநீர் பொதுப் பணியா இல்லையா என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். அந்த நாற்பது நிமிடத்தில் அவர்கள் படிப்பது எந்தக் கைந்நூலிலும் இல்லை.

லிந்துலை டவுனிலிருந்து ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போங்கள். தலவாக்கலை–லிந்துலை நகர சபையின் பொறுப்பு எங்கே முடிகிறது, பிரதேச சபையின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது, எந்த இடத்திலிருந்து அது தோட்டத்து றோட்டு என்று அவர்களே கண்டுபிடித்து வரையட்டும். தாரும் குழியும் அதிகம் விளக்கம் தேவைப்படாத பாடநூல்கள்.

அதிபர் என்ன சொல்வார், வலயக் கல்வி அலுவலகம் என்ன சொல்லும், துரை கோபித்துக்கொள்வாரா என்ற பயம் எனக்கும் இருந்தது. நான் செய்ததெல்லாம் பாடத்திட்டத்தில் உள்ள தேர்ச்சியை எடுத்து முதல் வரியில் எழுதிவிட்டு, அதன் கீழ் இந்த வேலையைச் செயற்பாடு என்று எழுதியதுதான். இதுவரை யாரும் அதைப் பிழை என்று சொன்னதில்லை. மனித உரிமை என்று தலைப்பிட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். வடிகால் என்று தலைப்பிடுங்கள்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். பிரதேச சபை வருட முடிவில் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது. அதற்கு முன் அதன் வரைபைச் சபை அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். நம் பகுதிச் சபைகளில் அதைப் போய்ப் புரட்டிப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால் கை உயர்த்துங்கள் என்று கேட்க நினைத்தேன். சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இந்த வருடம் அந்த வாரம் வரும்போது ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் இரண்டு பெண்களும் ஓர் ஆசிரியரும் ஒன்றாகப் போய், அந்த வரைபில் தங்கள் தோட்டத்தின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பெயர் இல்லையென்றால், அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபணை கொடுத்துவிட்டு, அதன் பிரதியில் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.